இளையவரின் மாதப் படம்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ, மாப்பிள்ளை, உன் வாயாடி மகள் மூவரும் நலம்தானே? மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது? டிரைவர் சீட்டில் ஒரு சின்னத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல். மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டால் வலிதான் மிச்சம்.

முதலில் ஒரு விஷயம். இந்த வீட்டிலிருந்து போகிற கடிதமும் வருகிற கடிதமும் கேட் ஆபீசில் பிரித்துப் படிக்கப்படும். அதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கவரின் ஓரத்தை அவ்வளவு நேராக வெட்டுவார். நாங்கள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கடிதம் அவரைத் தாண்டி வருகிறது. குழந்தையின் துணிகளை எடுத்துப்போகும் சலவைக்காரம்மா வெளியே போய்த் தபாலில் போடுவார். பதிலை அவர் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. கேட் வழியாக எழுதினால் சாப்பாடு, தூக்கம், வெயில், மழை, அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷம் குழந்தைகள் இருதய வார்டில் நர்ஸாகக் கிடந்தவளை எதற்குப் பெரிய வீட்டில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாய். வந்த அன்றே தெரிந்துவிட்டது. குழந்தை பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறான். அழுதால் உதடு நீலமாகிறது. பிறந்து மூன்று வாரம், இரண்டு கிலோ எழுநூறு. நாட்டை ஆள்கிறவரின் பேரன். தாத்தா பெரியவர், அப்பா சின்னவர், இவன் இளையவர். பத்திரிகையில் அப்படித்தான் போடுகிறார்கள். நான் குருவி என்று கூப்பிடுகிறேன், யாரும் இல்லாதபோது.

அறை என் பழைய வார்டைவிடப் பெரியது. ஆக்சிஜன் சிலிண்டர் கண்ணில் படக்கூடாதாம். அதற்கு லேஸ் வைத்த பாவாடை கட்டி, தலையில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியில் தோட்டத்தைச் சுற்றி வரவேண்டும். வண்டி போகும் வழியெல்லாம் காவலர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார்கள். நேற்று அவர்களுக்குப் பதில் மரியாதையாகக் குருவி ஒரு ஏப்பம் விட்டான்.

மாதாமாதம் இவன் படம் உங்கள் ஆபீசிலிருந்துதான் போகுமாமே. உன் மேசைக்கு வருமா?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவர் தலையணை வைத்துக்கொண்டார். நீ சொன்னதால் இல்லையாம், தானாகத் தோன்றியதாம். வாயாடி தினமும் "பெரியம்மா ராஜா வீட்டு பாப்பாவ இடுப்புல வச்சிருப்பாங்களா?" என்று கேட்கிறாள்.

என் மேசைக்கேதான் வருகிறது! அச்சகத்தில் படங்களைத் திருத்தும் ரீடச்சிங் பிரிவில் ஆறு பேர் இருக்கிறோம். முகம் என்றால் என்னிடம்தான் தருவார்கள். பன்னிரண்டாம் தேதி பிறந்தானாம். அதனால் மாதாமாதம் பன்னிரண்டாம் தேதி புதுப் படம். பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், ரேஷன் கடை எல்லாவற்றிலும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். ஒரு வருஷம் ஆனதும் அவனை வாரிசு என்று அறிவிப்பார்கள், அதற்குள் ஜனங்களுக்கு முகம் பழக வேண்டுமாம்.

நெகட்டிவ் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது அக்கா. கறுப்பு வெள்ளையிலேயே தெரிகிறது, நெற்றிப்பொட்டு உள்ளே போயிருக்கிறது. மேலிருந்து வந்த குறிப்பு: கன்னம் நிரப்பவும், உதடு ரோஜா நிறம், கண்ணில் ஒளி. மூன்று நாள் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒற்றை முடி பிரஷ்ஷால் நிரப்பினேன். பிறகு பிரிண்ட் போட்டுக் கையால் கலர். எங்கள் மேற்பார்வையாளர் இருமல் சாரைத் தெரியுமே. கலர் வாடை நெஞ்சுக்கு ஆகாதென்று திங்கட்கிழமை காலையிலேயே பத்து அட்டைகளின் பின்பக்கம் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடுவார். படத்தை நாங்களே அதில் ஒட்டி, அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் ரூமுக்கு அனுப்பிவிடுவோம். இந்தப் படத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்த்து, "கொழுகொழுன்னு இருக்கான்ம்மா" என்றார். ஜன்னலோர மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நீ பாலூட்டி ஏற்றுவதற்குள் நான் பிரஷ்ஷால் ஒரு கிலோ ஏற்றிவிட்டேன், பார்த்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள். கண்விழித்துக் கண்விழித்து உனக்கு வரும் தலைவலி இப்போது எப்படி?

உன்
தங்கை

மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

நலம். தலைவலி இருக்கிறது, அதற்கு இப்போது நேரமில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு இருதய டாக்டர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். ஸ்டெதஸ்கோப்பைக் கையில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் குருவியின் நெஞ்சில் வைத்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: இருதயத்தின் நடுச்சுவர் சரியாக மூடவில்லை, ரத்தம் கலக்கிறது. ஆப்பரேஷன் செய்தால் ஓடி விளையாடுவான். ஆனால் ஆறு மாதம் முடிவதற்குள் செய்ய வேண்டும். இங்கே முடியாது, அவர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும்.

சின்னவர் கேட்டார், "அங்க பத்திரிகைக்காரங்க வருவாங்களா?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. மொழிபெயர்த்தவர் மறுபடி சொன்னார். டாக்டர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையை எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் சின்னவர் சொன்னது: "வாரிசு அறிவிப்பு முடியட்டும். அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போலாம்." ஆறு மாதம் ஜூலை பன்னிரண்டில் முடிகிறது. அறிவிப்பு அடுத்த ஜனவரியில். கையில் விரல் இருக்கிறவர்கள் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தையின் அம்மாவை இங்கே மருமகள் என்றுதான் சொல்கிறார்கள், அவளுக்கென்று வேறு எதுவும் இல்லாததுபோல. இருபத்திரண்டு வயது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி குழந்தையைப் பார்க்க அனுமதி. முதலில் தூக்கத் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தேன். இப்போது தூக்கத்தில்கூட அவள் வலது கை குழிந்தே இருக்கிறது. டாக்டர் போன அன்று என்னைக் கேட்டாள், "நான் அவங்ககிட்ட பேசினா கேப்பாங்களா சிஸ்டர்?" நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் பெரியவரிடம் நேரில் பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

வாயாடிக்கு முத்தம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் கொழுகொழு குழந்தை தொங்குகிறது, இவருடைய பஸ்ஸில்கூடக் கண்டக்டர் சீட்டுக்கு மேலே ஒன்று.

மூன்றாம் மாதப் படம் முடிந்தது. இந்த முறை மணிக்கட்டில் ஊசி போட்ட தடம் இருந்தது. அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். மணிக்கட்டில் ஒரு மடிப்பு வரைந்தேன், குண்டுக் குழந்தைகளுக்கு ரப்பர் போட்ட மாதிரி இருக்குமே, அது. அழகாக வந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் பொய் சொல்ல முடியாது: செய்து முடித்தபோது சந்தோஷமாக இருந்தது.

பெரியவர் கேட்பார் அக்கா. தாத்தா அல்லவா. நேரில் பார்த்தால் எந்தத் தாத்தாவுக்கும் மனசு இளகும். அழாமல், கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாகச் சொல். உனக்குக் கோபம் வந்தால் இடது புருவம் ஏறும், அதை மட்டும் கவனித்துக்கொள்.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

தங்கை

மே 30

தங்கைக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

பெரியவரைப் பார்த்தேன். பத்து நிமிடம் கொடுத்தார்கள். பெரிய மேசை, பின்னால் கொடி, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வீட்டு டாக்டர். நீ சொன்னபடி நிதானமாகச் சொன்னேன். எடை, மூச்சு, நீலம், ஆறு மாதக் கெடு. கணக்காகச் சொன்னேன்.

அவர் கேட்டார், "இந்த வேலையில எத்தன வருஷமா இருக்கீங்கம்மா?"

"பதினெட்டு வருஷங்கய்யா."

"அதான். எந்தக் குழந்தையப் பாத்தாலும் உங்களுக்கு நோயாளியாத்தான் தெரியும்."

"குழந்தைய இங்கயே கொண்டு வர்றேன்யா. ஒரு தடவ நீங்க பாருங்க. ரெண்டே நிமிஷம்."

"வேணாம், தூங்கட்டும்." நாற்காலியைத் திருப்பினார். சுவரில் நான்காம் மாதப் படம். "இதப் பாருங்க. இந்தக் கன்னத்தப் பாருங்க. இந்தக் கைய பாருங்க, எப்படி மடிப்பு விழுந்திருக்கு. இவனுக்கா உடம்பு சரியில்ல?"

"ஐயா, அது வரைஞ்சது."

வீட்டு டாக்டர் இருமினார். பெரியவர் என்னையே பார்த்தார். கோபமில்லை, பரிதாபம். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல. "போய்த் தூங்குங்கம்மா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க."

அவர் தன் பேரனை இதுவரை எத்தனை தடவை பார்த்திருக்கிறார் தெரியுமா? மூன்று. மூன்றும் திரை போட்ட அறையில், அவன் தூங்கும்போது, வாசலில் நின்றபடி. மற்றபடி அவருக்குத் தெரிந்த பேரன் சுவரில் இருப்பவன்தான். நீ பெற்றவன்.

மடிப்பு அழகாக வந்தது என்று எழுதினாயே. ஆமாம், மிக அழகு. நான் ஐந்து மில்லி, ஐந்து மில்லியாக அவன் தொண்டையில் இறக்கி, அதில் பாதியை அவன் வாந்தி எடுத்து, வாரம் முழுக்கப் போராடி ஐம்பது கிராம் ஏற்றுகிறேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றே நாளில் ஒரு கிலோ ஏற்றி என் வாயை அடைத்துவிட்டாய். இனி நான் யாரிடம் போய் என்ன சொன்னாலும் அந்தப் படம் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

பிரஷ்ஷைக் கீழே வை. வைக்க முடியாவிட்டால் எனக்கு எழுதாதே.

அக்கா

ஜூன் 13

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எனக்கு வருவது ஒரு நெகட்டிவும் ஒரு குறிப்பும். நான் செய்யாவிட்டால் பக்கத்து மேசை செய்யும். இந்த ஐந்து மாதமாக நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்? சிலிண்டருக்குப் பாவாடை கட்டினார்கள் என்று சிரித்து எழுதினாயே, அதை அவிழ்த்தாயா? தள்ளுவண்டியை நடுத்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய், "பாருங்கய்யா உங்க இளையவர" என்று கத்தினாயா? உன் வெள்ளைச் சட்டையும் அந்த வீட்டுக்கு ஒரு ரீடச்சிங்தான். இருதய நர்ஸ் கூடவே இருக்கிறாள் என்று அவர்கள் மனசுக்கு ஒரு பூச்சு. நான் கன்னத்தில் பூசினேன், நீ அவர்கள் மனசாட்சிக்குப் பூசுகிறாய். என்னை மட்டும் திட்டாதே.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கப் போனேன். கிழிக்கவில்லை. உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. எது எது என்று உனக்குத் தெரியும்.

இப்போது நடந்ததைக் கேள். ஐந்தாம் மாத நெகட்டிவ் வந்தது. நான் தொடவில்லை. கன்னத்தை அப்படியே விட்டேன், உதட்டுக்குக் கலர் போடவில்லை. அட்டையில் ஒட்டி அனுப்பினேன். பிளேட் ரூமில் இருக்கிற பிளேட் அண்ணன் நல்லவர், ஆனால் பயந்தவர். "கலர் விட்டுப் போச்சும்மா" என்று திருப்பிக் கொண்டுவந்தார். பின்னாலேயே இருமல் சார். அவர் கத்தக்கூட இல்லை. கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு ஒரு பொண்ணு இருக்கா இல்ல?" என்றார். அவ்வளவுதான். அந்தப் பிரிண்டின் மேலேயே வரைந்து பக்கத்து மேசைக்காரி முடித்தாள். கன்னம் ஒரு பக்கம் வீங்கினமாதிரி இருக்கிறது.

என் பிரஷ்ஷைக் கீழே வைத்தால் இதுதான் நடக்கும். வைத்துப் பார்த்துவிட்டேன்.

நாள் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மருமகளைப் பேசச் சொல். அந்த வெளிநாட்டு டாக்டருக்கு எழுத முடியுமா? ஏதாவது செய். திட்டியாவது பதில் போடு.

தங்கை

ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ நலமா? எட்டு வாரமாகக் கடிதம் இல்லை. இங்கே துணி துவைக்கிற அம்மா வீட்டுக்கு இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் பூட்டியிருந்தது. அதனால் துணியெல்லாம் அப்படியே கிடக்கிறது.

வெயில் அதிகம். வாயாடிக்கு அம்மை போட்டு ஆறிவிட்டது. அவருக்கு முதுகுவலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? குழந்தை நலமா?

போன தடவை கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.

தங்கை

ஆகஸ்ட் 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். குழந்தை நலம். இங்கு அனைவரும் நலம். வேலை அதிகம். வாயாடியை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வை, உடம்புச் சூடு தணியும்.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 19

அக்கா,

சலவைக்காரம்மா வீட்டுக்குப் போட்ட இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன, இந்தக் கடிதத்தை அனுப்ப வழியில்லை. எழுதி என் மேசை அறையில் வைக்கிறேன். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கேட் வழியாக நாலு வரி எழுதியிருக்கிறாய். நீ நாலு வரி எழுதுகிறவளா? மளிகைச் சீட்டுக்கே முன்னுரை எழுதுகிறவள் நீ.

ஜூலை மாதத்துக்கு நெகட்டிவ் வரவில்லை. "பழையதிலிருந்து செய்யவும்" என்று குறிப்பு வந்தது. வாயாடி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, பாப்பா போன மாசச் சட்டையவே போட்டிருக்கு, அவங்க வீட்லயும் துவைக்க ஆளில்லையா?" என்றாள்.

இந்த மாதம் நெகட்டிவ் வந்தது. மருமகள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் சால்வை சுற்றிய ஒரு பொதி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சால்வையின் மடிப்பு. குறிப்பு: "முகம் பொருத்தவும்."

லென்ஸை வைத்து அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியிலிருந்து எல்லா நெகட்டிவிலும் அவள் வலது உள்ளங்கை கழுத்துக்குக் கீழே இருக்கும். நீ கற்றுக்கொடுத்தது. இதில் அந்தக் கை நாற்காலியின் ஓரத்தில் தொங்குகிறது. பாரம் தூக்குகிற கைக்கு ஒரு நரம்பு புடைக்கும். அதுவும் இல்லை. மடியில் இருப்பது துணி.

அக்கா, எப்போது? நீ பக்கத்தில் இருந்தாயா?

முகம் பொருத்தினேன். ஆமாம், பொருத்தினேன். சார் கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

அக்டோபர் 22

தங்கைக்கு,

சலவைக்காரம்மாவை ஜூலையிலேயே நிறுத்திவிட்டார்கள், துவைக்கத் துணி இல்லாமல் போனதால். மிச்சக் கணக்கை முடிக்க இன்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் கீழே நிற்கிறார், வேகமாக எழுதுகிறேன்.

குருவி போய்விட்டான். ஜூலை ஆறாம் தேதி, காலை பதினொன்றே கால். ஆறு மாதம் முடிய ஆறு நாள் இருந்தது. காலையில் பால் குடித்தான். சிரித்தான்கூட. பிறகு நிறம் மாறியது. சிலிண்டரைத் திறந்தேன், காற்று வரவில்லை. அழகுக்கு நிறுத்தியிருந்தார்களே, காலியானதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. முந்தின நாள் மட்டும் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். பாவாடையைக் கிழித்து எறிந்தேன். பூச்சாடி உடைந்தது. நீ கேட்டாயே, அவிழ்த்தாயா என்று. அன்று அவிழ்த்தேன்.

என் கையில்தான் இருந்தான். மருமகளின் அடுத்த நேரம் மாலைதான் என்று அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அவள் கதவைத் தட்டுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், காலிப் பூத்தொட்டி அடுக்குகிற இடத்தில் புதைத்தார்கள். தோட்டக்காரர் குழி வெட்டினார். பெரியவர் வரவில்லை. சின்னவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வீட்டு டாக்டரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுத்தது பொறக்கிற வரைக்கும் இதே ஓடட்டும். அப்புறம் அத இவன்னு சொல்லிக்கலாம், ரெண்டு வயசு கூடக் குறைய யாருக்குத் தெரியும்." மருமகள் பக்கத்தில்தான் நின்றாள். பெறப் போகிறவள் அவள்தான், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

என்னை அனுப்பவில்லை. இளையவருக்கு நர்ஸ் வேண்டுமல்லவா. இன்னும் நாலு மணிக்கு ஒரு தடவை பால் புட்டியைக் கொதிநீரில் போடுகிறேன். தொட்டிலில் தொங்கும் அட்டையில் காய்ச்சல் பார்த்து எழுதுகிறேன், தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. ஐந்து மணிக்கு வண்டி தள்ளுகிறேன். காலி வண்டி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று உள்ளே ஐந்து கிலோ மாவுப் பை வைக்கச் சொன்னார்கள். காவலர்கள் மாவுக்கு சல்யூட் அடிக்கிறார்கள்.

நீ சொன்னது சரிதான். நானும் ரீடச்சிங்தான் செய்கிறேன். ஆகஸ்டில் உனக்கு எழுதினேனே, குழந்தை நலம் என்று. அந்த வார்த்தையை எழுதின விரலை அடுப்பில் வைக்கலாம்போல இருந்தது.

சால்வைப் பொதியோடு படம் எடுத்தபோது போட்டோக்காரர், "கழுத்தத் தாங்குங்கம்மா" என்றார். மருமகள், "எதுக்கு?" என்றாள்.

அவன் பிறந்தான் என்று ஊருக்கே தெரியும். செத்தான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஒன்றுதான் தாங்கவில்லை. செத்துப்போகக்கூட அவனை விடமாட்டேன் என்கிறார்கள்.

சலவைக்காரம்மா கூப்பிடுகிறார். வாயாடியை அணைத்துக்கொள்.

அக்கா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பாவாடை நாடாவில் முடிந்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் வேலைக்குப் போனேன். இதைச் சலவைக்காரம்மாவின் மகள் கொண்டுவருவாள். அந்த வீட்டுக் கோழிப்பண்ணைக்கு அவள் வேலைக்கு வருகிறாளாம்.

முதல் வருஷப் படத்துக்குக் குறிப்பு வந்தது: "நிற்கும் நிலையில். இரண்டு பற்கள். கையில் சிறு கொடி." அவனுக்கு நான் பல் வரைய வேண்டுமாம்.

வரைந்தேன். இருமல் சார் வந்து பார்த்து, சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் பார்க்க ஒன்று வேண்டுமல்லவா.

பிறகு அலமாரியிலிருந்து ஐந்தாம் மாத நெகட்டிவை எடுத்தேன். கடைசியாக அவனை உயிரோடு எடுத்தது. ஒரு புள்ளிகூடத் தொடாமல் பிரிண்ட் போட்டேன். பதினோரு மாதத்தில் முதல்முறையாக நெற்றிப்பொட்டின் குழி, ஊசித் தடம், விலா எலும்பு எல்லாம் அதது இருந்த இடத்தில். கலர் மட்டும் போட்டேன் அக்கா. நீ எழுதின நீலம். மூன்று நீலத்தைக் கலந்து, கொஞ்சம் சாம்பல் சேர்த்து, உதட்டிலும் நகத்திலும். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எதற்கும் நான் கலர் போட்டதில்லை. திங்கட்கிழமைக் கையெழுத்து அட்டையில் ஒட்டிப் பிளேட் ரூமுக்கு நானே கொண்டுபோனேன்.

பிளேட் அண்ணன் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு திருப்பினார்.

"கையெழுத்து இருக்கு இல்ல?"

"இருக்குண்ணே."

"அப்புறம் என்ன." கேமராவில் மாட்டினார்.

எல்லாம் அச்சாகிக் கட்டுக் கட்டாக லாரியில் போய்விட்டன. உறையில் மூடித்தான் போகும், நாளைக் காலை எட்டு மணிக்கு எல்லா ஆபீசிலும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள்.

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாயாடியின் துணிகளை எடுத்து ஒரு பையில் வைத்தார். பிறகு, "வாயாடிய நான் பாத்துக்கறேன்" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது, உனக்குத்தான் தெரியுமே. அவளை அவர் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். நான் ஓடவில்லை. நாளைக்கும் ஜன்னலோர மேசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மே மாதத்தில் நீ எழுதினதற்கு இதுதான் என் பதில். தாமதம்தான். ஆறு நாள் இல்லை, ஆறு மாதம் தாமதம். அது எனக்குத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஜனவரி 15

அன்புள்ள தங்கைக்கு,

இதைக் கேட் வழியாக அனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. கத்தரிக்கோல் ஐயா, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். வெட்டும் சிரமம் வேண்டாம். சத்தமாகப் படித்தாலும் சரி.

பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணிக்குக் கேட் ஆபீசில் உறையைப் பிரித்தார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், டிரைவர், எல்லோரும் கூடி நின்றோம். மாட்டச் சொன்ன ஆணியில் மாட்டினார்கள். யாரும் கை தட்டவில்லை. தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். எட்டரை மணிக்கு மேலிடத்திலிருந்து போன் வந்து கழற்றினார்கள். அரை மணி நேரம். ஊரெல்லாம் அதே அரை மணி நேரமாவது இருந்திருக்கும். சில இடத்தில் இன்னும் கழற்றவில்லை என்று பால்காரர் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். தள்ளினேன். முதல் வளைவில் நிற்கும் காவலர் சல்யூட் அடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். நான் மாவுப் பையை எடுத்துப் புல்லில் போட்டுவிட்டுக் காலி வண்டியைக் கடகடவென்று ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். மருமகள் அங்கே முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். வலது கையை மண்ணுக்கு அடியில் நுழைத்து வைத்திருந்தாள்.

பெரியவர் தன் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். படத்தைப் பார்த்துவிட்டு, "யார் குழந்தை இது?" என்று கேட்டாராம். ஐயா, உங்கள் குழந்தை. உங்களுக்குத் தெரியாத குழந்தை.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் பஸ் நாலு நாளாக டிப்போவில் நிற்கிறது என்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா, வாயாடி கைக்கு வருமா, யார் மேசையில் போய் நிற்குமோ தெரியாது. யார் படித்தாலும் சரியாகப் படிக்கட்டும். ஜூலை ஆறு, காலை பதினொன்றே கால். எடை மூன்று கிலோ எண்ணூறு. ஆப்பரேஷன் செய்திருந்தால் இப்போது நடக்கத் தொடங்கியிருப்பான். சிலிண்டர் காலி. பெயர் குருவி.

நாளைக் காலையில் என்னை மேலே கூப்பிட்டிருக்கிறார்கள். இடது புருவத்தை இறக்கப் போவதில்லை.

நான் நலம். குழந்தை இறந்துவிட்டது.

அன்புடன்,
அக்கா